காற்றை மறித்து உமியை இறக்கும் ஏர்லாக் வால்வு



1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு நமது கம்பம் பள்ளத்தாக்கு இருபோகம் காணும் பூமியானது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் ஆயக்கட்டு. நெல் இருந்தால் ரைஸ் மில் இருக்கும், ரைஸ் மில் இருந்தால் உமித் தூசியும் இருக்கும். அந்தத் தூசியை அடக்குவதில் பெரிய பங்கு ஒரு சின்ன இரும்பு டப்பாவுக்கு உண்டு. அதுதான் ரோட்டரி ஏர்லாக் வால்வு. நமது பாடப் புத்தகத்தில் கேட் வால்வு, குளோப் வால்வு எல்லாம் படிக்கிறோம். அவை தண்ணீருக்கும் நீராவிக்கும் உரியவை. உமி, தவிடு, சிமெண்ட், சாம்பல் போன்ற பொடிச் சரக்குக்கு வேறு வால்வு வேண்டும்.

ஏன் தேவை?

மில்லில் உமியைக் காற்றாடி இழுத்து சைக்ளோனுக்குள் விடுகிறது. காற்று உள்ளே சுழலும்போது கனமான உமி சுவரை ஒட்டிக் கீழே இறங்கும், காற்று நடுவழியாக மேலே போகும். காற்றாடி இழுப்பதால் சைக்ளோனுக்குள் அழுத்தம் வெளியே உள்ளதைவிடக் குறைவு. எனவே அடியில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே பாயும். பிரிந்து விழுந்த தூசியையே மறுபடி தூக்கிக்கொண்டு மேல்குழாய் வழியாகப் போய்விடும். பக்கத்துத் தெருவில் காயப்போட்ட துணியில் படிவதும், வேலை செய்கிறவர் நெஞ்சுக்குள் போவதும் இந்தத் தூசிதான். சரக்கு இறங்க வேண்டும், காற்று ஏறக்கூடாது. இதுதான் பிரச்சினை.

அமைப்பும் வேலையும்

வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் 6 அல்லது 8 இறக்கை கொண்ட ரோட்டர் மெதுவாகச் சுற்றும். மேல்வாயில் நிற்கும் அறை நிரம்பும், பாதிச் சுற்றில் கீழே கொட்டும். எந்த நேரமும் இரு பக்கமும் ஓர் இறக்கையாவது சுவரை ஒட்டியே நிற்பதால் காற்றுக்கு நேர்வழி கிடையாது. முழுவதும் காற்றுப்புகாதது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இறக்கை நுனி வழியாகவும் பக்கவாட்டு இடைவெளி வழியாகவும் கொஞ்சம் கசியும். காலியாகத் திரும்பும் அறையும் காற்றைச் சுமந்து வரும். நல்ல வால்வில் நுனி இடைவெளி 0.1 முதல் 0.2 மி.மீ. வரைதான். சில வால்வுகளில் நுனிக்கு ரப்பர் பட்டை வைத்திருப்பார்கள், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு சிறு கணக்கு

ஒரு சுற்றுக்கு 20 லிட்டர், நிமிடத்துக்கு 20 சுற்று என்றால் மணிக்கு 24 கன மீட்டர். உமி கன மீட்டருக்கு சுமார் 100 கிலோ. அறை 70 சதவீதம் நிரம்பினால் 24 × 100 × 0.7 = 1,680 கிலோ. மணிக்கு 3 டன் நெல் அரைக்கும் மில்லில் உமி சுமார் 600 கிலோதான் வரும். ஆகவே 10 சுற்றே தாராளம். வேகத்தைக் கூட்டினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சுற்று கூடக்கூட அறை நிரம்ப நேரம் போதாது, தேய்மானம் கூடும், காலி அறை சுமக்கும் காற்றும் கூடும்.

மற்ற இடங்கள்

1979-ல் முதல் அலகு ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் பிரச்சினை சாம்பல். இந்திய நிலக்கரியை எரித்தால் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல் மிஞ்சும். மேலே சொன்ன அதே வால்வு கன மீட்டருக்கு 750 கிலோ உள்ள சாம்பலை 12,600 கிலோ இறக்கும். ஆனால் சாம்பல் உப்புத்தாள் மாதிரி இரும்பை அறுக்கும். அதனால் சாம்பல் வேலைக்கு டோம் வால்வும் வந்தது. அரைக்கோள மூடி முதலில் எதையும் உரசாமல் மூடும். பிறகு ரப்பர் வளையம் அழுத்தக் காற்றால் உப்பி இடைவெளியை அடைக்கும். சிமெண்ட் ஆலைகளில் இரட்டை மடல் வால்வு உண்டு. ஒரு மடல் திறக்கும்போது மற்றது மூடியிருக்கும்.

கையை விடாதீர்கள்!

எங்க வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். என் சித்தப்பா ஒரு மில்லில் வேலை பார்த்தவர். ஏர்லாக்கில் சாக்குத் துண்டு சிக்கி நின்றபோது, மோட்டார் நின்றுவிட்டதே என்று கையை விட்டார். மெயின் சுவிட்ச் ஆனில்தான் இருந்தது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. "மெதுவாத்தானடா சுத்துது"ன்னு நினைத்தாராம். மெதுவாகச் சுற்றினாலும், கியர் வழியாக வரும் அந்தத் திருகுவிசைக்கு விரல் ஒரு தடையே இல்லை.

எனவே மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்த பிறகே திறக்க வேண்டும். கொட்டும் வாயில் கை எட்டாதபடி குழாயோ கம்பி வலையோ இருக்க வேண்டும். ஃபீலர் கேஜால் இடைவெளி பார்ப்பதும் பூட்டிய பிறகுதான். சங்கிலிப் பல்சக்கரத்தில் ஷியர் பின் இருந்தால், சிக்கும்போது அது முறியும், வால்வு தப்பும். பின்னுக்குப் பதில் போல்ட்டை முடுக்கி ஓட்டுவது கூடவே கூடாது.

முடிவுரை

நண்பர்களே, நாளை நம்மில் பலர் சூப்பர்வைசராகப் போவோம். முதல் நாளே மில்லின் அடியில் போய் இந்த டப்பாவைப் பாருங்கள். வலை இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி மாட்டச் சொல்லுங்கள். ஒரு பூட்டின் விலை அதிகமில்லை.



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை, கம்பம்