கம்பி எங்கே போச்சு? வீட்டு கார்ட்லெஸ் போனைச் சரியாக அமைக்க ஒரு பாடம்

இந்த மாதப் பாடம் ரொம்பச் சாதாரணமான ஒரு பொருளைப் பற்றியது: வீட்டு கார்ட்லெஸ் போன். "ஆளுக்கொரு ஹேண்ட்போன் இருக்கே, இது எதுக்கு?" என்று கேட்பீர்கள். நமக்குத் தேவையில்லைதான். ஆனால் நம்ம ஜாலான் புசார் வட்டாரத்தில், ரோவெல் ரோடு, வீராசாமி ரோடு பக்கத்து வீவக புளோக்குகளில் வசிக்கும் தாத்தா பாட்டிகளைப் பார்க்கப் போனால் விஷயம் புரியும். தொடுதிரையில் ஒரு இடத்தைத் தொட்டால் வேறெங்கோ போகிறது. எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரிய பட்டன் வைத்த போன் என்றால் தைரியமாக எடுத்துப் பேசுகிறார்கள்.

அந்த போனை வாங்கி மாட்டிக் கொடுப்பது பெரும்பாலும் பேரப்பிள்ளைகளான நாம்தான். மாட்டுவது அரை மணி நேர வேலை. பாட்டி ராத்திரி இரண்டு மணிக்கு வழுக்கி விழுந்தால் அந்த போனில் 995-ஐ அழைக்க முடியுமா? அந்தக் கேள்விக்கு "முடியும்" என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் செய்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

முதலில், கம்பி எங்கே?

'கார்ட்லெஸ்' என்றால் கம்பி இல்லாதது. உண்மையில் கம்பி எங்கேயும் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. பேஸ் எனப்படும் அடிப்பெட்டியின் பின்னால் பாருங்க. இரண்டு கம்பிகள் இருக்கும். ஒன்று கரண்டுக்கு, இன்னொன்று டெலிபோன் லைனுக்கு. கையில் எடுக்கும் ஹேண்ட்செட், அந்தப் பெட்டியோடு ரேடியோ அலையில் பேசுகிறது. இந்த மூன்றில் எது அறுந்தாலும் போன் ஊமை. அதனால் கரண்ட், லைன், ரேடியோ என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பாடம் முழுக்க இவ்வளவுதான்.

வாங்கும்போது

இப்போது விற்கும் கார்ட்லெஸ் போன்களில் பெரும்பாலானவை 'டெக்ட்' என்ற முறையில் இயங்குபவை. ஐரோப்பாவில் வகுத்த இந்த முறை 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் வேலை செய்கிறது. அதில் 10 ரேடியோ அலைகள். ஒவ்வொன்றிலும் 12 பேச்சுப் பாதைகள். ஆக மொத்தம் 120. எந்தப் பாதை காலியாக இருக்கிறது என்று போனே தேடிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே புளோக்கில் பத்து வீட்டில் இருந்தாலும் ஒன்றோடு ஒன்று மோதுவதில்லை. வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுவதால் அதோடும் சண்டை இல்லை.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரங்க கொண்டுவந்து கொடுக்கும் 'டெக்ட் 6.0' போனைப் பயன்படுத்தாதீங்க. அது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. அந்த இடம் இங்கே ஹேண்ட்போன் சேவைக்கு உரியது. போதாக்குறைக்கு, அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததாக இருக்கலாம். நம்ம வீட்டில் வருவது 230 வோல்ட். முஸ்தஃபாவிலோ சிம் லிம் பக்கமோ வாங்கினாலும் பெட்டியில் ஐஎம்டிஏ தரத்துக்கு ஏற்றது என்ற லேபிள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க.

லைன் எங்கிருந்து வருகிறது?

பழைய செம்புக் கம்பிக் காலத்தில் சுவரில் இருக்கும் டெலிபோன் சாக்கெட்டில் செருகினால் போதும். ஃபைபருக்கு மாறிய வீட்டில் அந்தச் சாக்கெட் செத்துப்போயிருக்கலாம். லைன் இப்போது ஃபைபர் பெட்டியின் பின்னால் 'டெல்' அல்லது 'போன்' என்று எழுதிய துளையில் வருகிறது. கம்பியை அங்கே செருகி, ஹேண்ட்செட்டில் பேசும் பட்டனை அழுத்துங்க. டயல் டோன் கேட்டால் லைன் சரி. கேட்கவில்லை என்றால், அந்தத் துளையில் போன் சேவையைத் திறந்துவிடச் சொல்லி இணைப்பு கொடுத்த நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

பெட்டியை எங்கே வைப்பது?

விற்பவர்கள் வெட்டவெளியில் 300 மீட்டர், வீட்டுக்குள் 50 மீட்டர் என்பார்கள். நம்ம கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே அதை நம்ப முடியாது. சுவருக்குள் இருக்கும் இரும்புக் கம்பி ரேடியோ அலையைத் தடுக்கும். 1990-களின் இறுதிக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் பாம் ஷெல்டர் இருக்கும். கனமான கான்கிரீட், இரும்புக் கதவு. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று பேஸை அதற்குள் தள்ளிக் கதவைச் சாத்தினால், படுக்கையறையில் குரல் விட்டு விட்டுத்தான் கேட்கும். ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் மீன் தொட்டி பக்கத்திலும் வேண்டாம். வீட்டின் நடுப்பகுதியில், இடுப்பளவு உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்க.

இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் சென்னை ஐஐடியில் இருந்தார்கள். 1990-களில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, இதே டெக்ட் முறையை வைத்து 'கோர்டெக்ட்' என்ற அமைப்பை உருவாக்கியது. கிராமங்களுக்குக் கம்பி இழுக்காமலே டெலிபோனும் இணையமும் கொடுப்பதுதான் நோக்கம். மதுரை பக்கத்து மேலூர் கிராமங்களில் இணைய மையங்கள் அதில்தான் ஓடின. வீட்டுக்குள் சில அறைகளைத் தாண்டத் திணறும் அலை அங்கே 10 கிலோமீட்டர் வரை போனது. எப்படி? கூரைக்கு மேலே ஆன்டெனாவை உயர்த்தி, கோபுரத்துக்கும் அதற்கும் நடுவே மறைப்பே இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். மறைப்பைக் குறைத்தால் தூரம் கூடும். நம்ம ஹாலுக்கும் அதே விதிதான்.

மாட்டும் வரிசை

1. ஹேண்ட்செட்டில் அதோடு வந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரியை மட்டும் போடுங்க. சாதாரண பேட்டரியைப் போட்டுச் சார்ஜ் செய்தால் அது கசியலாம், வெடிக்கவும் செய்யலாம்.

2. முதல் தடவை கையேடு சொல்லும் நேரம் வரை முழுசாகச் சார்ஜ் ஏறட்டும்.

3. மொழி, தேதி, நேரம், ரிங் சத்தம் எல்லாவற்றையும் அமையுங்க. காது மந்தம் என்றால் சத்தம் முழு அளவில் இருக்கட்டும்.

4. இரண்டாவது ஹேண்ட்செட் இருந்தால் பேஸில் பதிவு செய்யணும். பெரும்பாலும் பேஸில் உள்ள தேடும் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, ஹேண்ட்செட் மெனுவில் 'ரெஜிஸ்டர்' கொடுக்க வேண்டும். பின் கேட்டால் பல மாடல்களில் 0000.

5. இந்த இரண்டாவதுக்கு டெலிபோன் கம்பி வேண்டாம், சார்ஜருக்குக் கரண்ட் மட்டும் போதும். அதனால் கட்டில் பக்கத்தில், தரையில் கிடந்தாலும் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கலாம். விழுந்தவருக்கு மேசை மேல் இருக்கும் போன் உதவாது.

6. பாட்டியின் பழைய டைரியிலிருந்து எண்களைப் பதியும்போது கவனம். ஏழு இலக்கம் மட்டும் இருந்தால் அது 2002 மார்ச் 1-க்கு முந்தின வீட்டு எண். முன்னால் 6 சேர்த்து, ஒரு தடவை அழைத்துப் பார்த்துப் பதியுங்க.

கரண்ட் போனால்?

இதுதான் பலரும் விட்டுவிடும் பகுதி. செம்புக் கம்பி லைனில் எக்ஸ்சேஞ்சே ஏறத்தாழ 48 வோல்ட் அனுப்பும். அங்கே பேட்டரியும் உண்டு. வீடு இருட்டானாலும் பழைய கம்பி போன் பேசும். இப்போது ஃபைபர் பெட்டிக்கும் நம்ம கரண்ட் வேண்டும், பேஸுக்கும் நம்ம கரண்ட் வேண்டும். ஹேண்ட்செட்டில் முழு சார்ஜ் இருந்தாலும் பேஸ் அணைந்தால் பிரயோஜனம் இல்லை.

"சிங்கப்பூரில் எங்கே கரண்ட் போகுது?" என்பீர்கள். ஊருக்குப் போவது அபூர்வம்தான், வீட்டுக்குள் போவது சகஜம். பழைய கெட்டிலில் கசிவு என்றால் மெயின் ட்ரிப் ஆகும். அதைவிடச் சாதாரணமான காரணம் ஸ்விட்ச். கூட்டும்போது யாரோ அணைத்துவிடுவார்கள். தீபாவளிக்குச் சாமி மேடையில் சீரியல் லைட் போட, பேஸின் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். பண்டிகை முடிந்தும் அது அப்படியே கிடக்கும்.

இதற்கு மூன்று காரியம் செய்யலாம். ஃபைபர் பெட்டி, பேஸ் இரண்டின் ஸ்விட்ச் மேலும் "போன். அணைக்காதீர்கள்" என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்க, வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருக்குத் தெரிந்த மொழியிலும் எழுதுங்க. முடிந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்க. அது இல்லையென்றால், சார்ஜ் போட்ட பட்டன் ஹேண்ட்போன் ஒன்று மாற்றாகக் கட்டாயம் இருக்கணும்.

பாட்டிக்குச் சொல்லிக் கொடுக்கும்போது

எல்லாப் பட்டனையும் விளக்கத் தேவையில்லை. எடுப்பது, வைப்பது, அழைப்பது, திரும்பச் சார்ஜரில் வைப்பது என்ற நான்கும் போதும். 1-ஐ அழுத்திப் பிடித்தால் மகள், 2 என்றால் பக்கத்து வீடு என்று பதிந்து கொடுங்க. 995-ஐ அப்படி ஒற்றைப் பட்டனில் வைக்க வேண்டாம். தெரியாமல் கை பட்டு அழைப்பு போய்விடும். அதை ஹேண்ட்செட்டின் முதுகில் எழுதி ஒட்டுங்க. ஃபோனுக்கு மேலே சுவரில் புளோக், வீட்டு எண், தெரு, ஆறு இலக்க அஞ்சல் குறியீடு நான்கும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும்.

இன்னொன்று. வீட்டு போனுக்கும் மோசடி அழைப்பு வரும். "போலீஸ் பேசறோம், பணத்தை இந்தக் கணக்குக்கு மாத்துங்க" என்றால் உடனே வைத்துவிடச் சொல்லுங்க. அரசாங்க அதிகாரிகள் போனில் பணம் மாற்றச் சொல்ல மாட்டார்கள். சந்தேகம் என்றால் 1799-ஐ அழைத்துக் கேட்கலாம்.

கிளம்பும் முன் மூன்று சோதனை

ஒன்று, நடை சோதனை: உங்க ஹேண்ட்போனுக்கு அழைத்துப் பேசிக்கொண்டே சமையலறை, படுக்கையறை, மூடிய பாத்ரூம் கதவுக்கு உள்ளே வரை நடங்க. குரல் விட்டுப்போகும் இடம் இருந்தால் பேஸை நகர்த்துங்க.

இரண்டு, கரண்ட் சோதனை: பேஸின் ஸ்விட்சை அணையுங்க. ஹேண்ட்செட் திரையில் என்ன மாறுகிறது என்று பாட்டியிடம் காட்டுங்க. "இப்படித் தெரிஞ்சா ஸ்விட்சைப் பாருங்க பாட்டி, இல்லன்னா ஹேண்ட்போன்ல கூப்பிடுங்க" என்று சொல்லிக் கொடுங்க.

மூன்று, கை சோதனை: நீங்க வெளியே காரிடாருக்குப் போங்க. பாட்டியே, யார் உதவியும் இல்லாமல், உங்களை அழைக்கட்டும். அழைப்பு வரவில்லை என்றால் உள்ளே போய் மறுபடி பொறுமையாகச் சொல்லிக் கொடுங்க. ஒரு வாரம் கழித்தும் இதையே செய்து பாருங்க.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒரு பெரியவரின் போனில் இந்த மூன்று சோதனையையும் நடத்திப் பாருங்க. எது தோற்றது, எப்படிச் சரி செய்தீர்கள் என்று குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். எல்லோருமாக உட்கார்ந்து பேசலாம்.