நெஞ்சு படபடத்தால் ஷிஃப்ட் முடியும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு வயது 38. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ரோலிங் மில்லில் ஃபர்னஸ் பக்கம் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். இரண்டு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்கிறார். சில நாள் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். ஒரு நாள் அரை மணி நேரம் இருந்தது. போன மாதம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கண் இருட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கிளினிக்கில் இ.சி.ஜி. எடுத்தோம். நார்மல், டென்ஷனாக இருக்கும் என்றார்கள். வீட்டில் எல்லோரும் வாயு என்கிறார்கள். ஒரு நாளைக்கு ஆறேழு டீ குடிப்பார். என் மாமனார் 45 வயதில் தூக்கத்திலேயே இறந்தவர் என்பதால் எனக்குப் பயமாக இருக்கிறது. லீவு போட்டால் சம்பளம் போய்விடும் என்று இவர் ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். இது எதனால் வருகிறது? எந்த நிலையில் நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?
– வாசகி, கும்மிடிப்பூண்டி

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அம்மா. படபடப்பு என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்தான நோய் எதுவும் இருப்பதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு விஷயங்களை என்னால் ஒதுக்கிவிட முடியாது. படபடப்பின்போது அவருக்குக் கண் இருட்டியிருக்கிறது. அவருடைய அப்பா இளம் வயதில் தூக்கத்திலேயே இறந்திருக்கிறார். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கணவருக்கு இரண்டுமே இருப்பதால் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அதுவரை ஃபர்னஸ் அருகிலோ, உயரத்திலோ, கிரேனிலோ அவர் வேலை செய்யக் கூடாது. பைக்கும் ஓட்டக் கூடாது.

இ.சி.ஜி. நார்மல் என்றால்?

சாதாரண இ.சி.ஜி. பதிவு செய்வது சுமார் பத்து விநாடி நேரத் துடிப்பைத்தான். நேற்று இரவு அரை மணி நேரம் அடித்துக்கொண்ட இதயம் இன்று காலை சீராக இருந்தால், தாளில் சீரான துடிப்புதான் பதிவாகும். படபடப்பு இருக்கும்போதே எடுக்கும் இ.சி.ஜி.தான் உண்மையைச் சொல்லும். அடுத்த முறை தொடங்கியதும், ஷிஃப்ட் முடியட்டும் என்று இருக்காமல், அருகில் இ.சி.ஜி. எடுக்கும் வசதி உள்ள இடத்துக்குப் போய்விட வேண்டும். அடிக்கடி வந்து தானாகவே அடங்கிவிடுகிறது என்றால், ஹோல்டர் என்ற சிறு கருவியை உடலில் மாட்டி 24 மணி நேரமோ அதற்கு மேலோ துடிப்பைப் பதிவு செய்வார்கள்.

பழைய இ.சி.ஜி.யைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதயத்தின் மின்னோட்டத்தில் பரம்பரையாக வரும் சில கோளாறுகளும், பிறவியிலேயே இருக்கும் கூடுதல் மின்பாதையும், துடிப்பு அமைதியாக இருக்கும்போது எடுத்த தாளிலும் சிறு அடையாளத்தை விட்டிருக்கும். இதய மருத்துவரின் கண்ணுக்கு அது தெரியலாம். இதயத் தசை பரம்பரையாகத் தடித்திருக்கிறதா என்பதை எக்கோ காட்டும். உங்கள் மாமனாரின் மரணத்துக்கு இப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம் என்று மருத்துவர் கருதினால், கணவரின் உடன்பிறந்தவர்களையும் உங்கள் பிள்ளைகளையும்கூடப் பரிசோதிக்கச் சொல்வார்.

துடிப்பின் தாளம் என்ன சொல்கிறது?

படபடப்பு வந்தால் கட்டை விரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். எண்ணிக்கையோடு தாளத்தையும் கவனியுங்கள்.

ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது ‘தொம்’ என்று ஓங்கி அடித்தால், அது பெரும்பாலும் முந்திக்கொண்டு வரும் தனித் துடிப்பு. ஆரோக்கியமானவர்களுக்கும் இது வரும். தூக்கம் கெட்டால் கூடும்.

படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கினால், இதயம் வேறு ஏதோ ஒன்றுக்கு ஈடுகொடுக்கிறது என்று பொருள். காய்ச்சல், ரத்தசோகை, நீரிழப்பு, பயம் என்று அந்தக் காரணத்தைத்தான் தேட வேண்டும்.

சுவிட்ச் போட்டதுபோல் நொடியில் தொடங்கி, 150 முதல் 220 வரை சீராக ஓடி, அதேபோல் சட்டென்று நின்றால், இதயத்தின் மேலறைப் பக்கத்தில் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இதை மருந்தால் கட்டுப்படுத்தலாம். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்தத் தவறான பாதையைச் சுட்டு நிரந்தரமாகக் குணப்படுத்தவும் பெரும்பாலும் முடியும்.

எந்தத் தாளத்திலும் அடங்காமல் தாறுமாறாக அடித்தால் அது மேலறை நடுக்கமாக இருக்கலாம். இதயத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கும் அபாயம் இதில் இருக்கிறது. சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, அதில் இதய வால்வு கெட்டவர்களுக்கு இளம் வயதிலேயே இது வருவதுண்டு. ஒரே இரவில் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு மறுநாள் இப்படி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

வேலையிடத்தில் தேட வேண்டிய காரணங்கள்

முதலாவது வெப்பம். ஃபர்னஸ் அருகில் நிற்கும்போது உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்புகிறது. வியர்வையில் நீரும் உப்பும் போய்விடுகின்றன. அதனால் துடிப்பு ஏறும். வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: 180இலிருந்து வயதைக் கழியுங்கள். உங்கள் கணவருக்கு 142. துடிப்பு இதைத் தாண்டிச் சில நிமிடங்கள் நீடித்தால், உடல் தாங்கும் எல்லையைக் கடந்துவிட்டது. வேலையை நிறுத்திவிட்டு நிழலுக்கு வர வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று இருக்காமல் 15–20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். மணிக்கணக்கில் வியர்த்தால் ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட மோர், கஞ்சி ஆகியவையும் தேவை. ரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கூரைக்கு அடியில் ஆண்டு முழுவதும் அப்படிப்பட்ட வெப்பத்தில் நிற்பவர்களை அந்த அக்கறையோடு பார்க்க வேண்டும்.

இரண்டாவது கார்பன் மோனாக்சைடு. எரிபொருள் சரியாக எரியாத உலையிலிருந்து வரும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், படபடப்பு, தலைசுற்றல் வரும். ஒரே இடத்தில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்தால், எல்லோரும் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இதில் ஏமாற்றிவிடும். 98 என்று காட்டினாலும் நம்பக் கூடாது.

மூன்றாவது மின் அதிர்ச்சி. ஷாக் அடித்தபின் படபடப்போ மயக்கமோ நெஞ்சு வலியோ இருந்தால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் இ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும்.

ஈயம் உருக்கும் இடங்களில் வேலை செய்பவர்களுக்கு ரத்தசோகை வரலாம், அதனால் துடிப்பு கூடலாம்; அவர்கள் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நைட் ஷிஃப்டில் தூக்கம் கெடுகிறது. அதைச் சமாளிக்க டீ, எனர்ஜி டிரிங்க், பீடி, வாயில் அடக்கும் புகையிலை என்று ஒவ்வொன்றாகச் சேர்கிறது. இரண்டு மூன்று டீ பெரும்பாலோருக்குத் தொல்லை தராது. நிகோட்டினும் எனர்ஜி டிரிங்கும் அப்படி அல்ல. அவற்றை விட்டுவிடுவதே நல்லது. ஆஸ்துமா இன்ஹேலரும், கடையில் கேட்டு வாங்கும் சில சளி மாத்திரைகளும்கூடத் துடிப்பைக் கூட்டும். என்ன மாத்திரை போட்டார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சம்பந்தமில்லாத காரணங்களும் உண்டு: தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கிவிடுவது, பெண்களுக்கு அதிக மாதவிடாயால் வரும் ரத்தசோகை, கர்ப்பகாலம், மாதவிடாய் நிற்கும் காலம். மனப்பதற்றமும் உண்மையான காரணம்தான், அதற்கும் சிகிச்சை இருக்கிறது. ஆனால் ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். பெண்கள் படபடப்பு என்றாலே பயம் என்று சொல்லி அனுப்பிவிடுவது பெரிய அநியாயம்.

எப்போது 108ஐ அழைப்பது?

படபடப்போடு மயக்கம், நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை – இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அழையுங்கள். முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவற்றுக்கும் அப்படியே. வெப்பத்தில் வேலை செய்தவர் உளறினாலோ உடல் கொதித்தாலோ, ஆம்புலன்ஸ் வரும்வரை உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், ஓய்வில் இருக்கும்போது துடிப்பு 120க்கு மேல் போய்ப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

படபடக்கும்போது அவரை உட்கார வையுங்கள். தலை சுற்றினால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். தனியாகப் பைக்கில் அனுப்பாதீர்கள். கழுத்து நரம்பை அழுத்தினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் அதைச் செய்யாதீர்கள். விழுந்தவர் கூப்பிட்டும் அசையாமல், சரியாக மூச்சு விடாமல் இருந்தால், மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள். ஷாக் அடித்தவரானால் மெயினை அணைத்த பிறகே தொட வேண்டும்.

எங்கே போவது, சம்பளத்துக்கு என்ன செய்வது?

முதல் பரிசோதனைக்குக் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. 2022இல் தொடங்கிய திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இதய சிகிச்சைக்குச் சென்னையில் ஸ்டான்லியும், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் உண்டு. நெஞ்சு வலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது.

சம்பளம் போய்விடும் என்ற அவருடைய கவலை நியாயமானது. அவருடைய சம்பளச் சீட்டைப் பாருங்கள். 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அவருக்கும் உங்கள் குடும்பத்துக்கும் சிகிச்சை உரிமை உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்பது 2017 முதல் உள்ள வரம்பு. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் வெளிமாநிலத் தொழிலாளருக்கும் இது பொருந்தும். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் ஓய்வுச் சான்றைக் கொண்டு, ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளப் போவதால் வீட்டில் உலை கொதிக்காமல் போய்விடாது என்று அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் சூப்பர்வைசர்களுக்கும் சக தொழிலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பக்கத்தில் நிற்பவர் நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னால், “தண்ணி குடிச்சிட்டு வேலையைப் பாரு” என்று சொல்லிவிடாதீர்கள். அவரை நிழலில் உட்கார வைத்து நாடியை எண்ணுங்கள், மயக்கமோ வலியோ மூச்சுத்திணறலோ இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.