செலெக்‌ஷனுக்குக் காசு கேட்டால்

பையன் நன்றாக ஆடுகிறான் என்று ஊரில் பேச்சு கிளம்பினால் போதும், கொஞ்ச நாளில் அப்பாவின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்துவிடும். 'தேசிய அளவிலான செலெக்‌ஷன். இடங்கள் குறைவு. பதிவுக் கட்டணம், ஜெர்சி, தங்குமிடம், சான்றிதழ் எல்லாம் சேர்த்து இவ்வளவு.' தொகை சில ஆயிரத்தில் தொடங்கும். கோவா, டெல்லி என்றால் ஏறும். நேபாளம் என்றால் இன்னும் ஏறும், அது 'இன்டர்நேஷனல்' ஆயிற்றே. தலைஞாயிறு பக்கம் இரண்டு மா நிலம் வைத்திருப்பவருக்கு அது சம்பா அறுத்து, கடன் அடைத்தபின் கையில் நிற்கும் மொத்தக் காசு. கட்டலாமா?

பயிற்சிக்குக் கட்டலாம். தேர்வுக்குக் கட்டாதீர்கள். முகாமில் நல்ல கோச் இருக்கிறார், பத்து நாள் சொல்லித்தருகிறார், அதற்கு ஒரு தொகை வாங்குகிறார் என்றால் அது நியாயமான வியாபாரம். 'ஆடிக் காட்டு, அணியில் சேர்க்கிறோம்' என்று சொல்லிப் பணம் கேட்பது வேறு. அணியில் இடம் கொடுக்கும் அதிகாரம் உள்ளவருக்கு நல்ல ஆட்டக்காரன் தேவை. அவனைத் தேடி அவரே செலவு செய்வார். காசு கேட்பவர் கையில் பெரும்பாலும் கொடுக்க இடமே இருக்காது.

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாகையில் இருக்கும் ஒரு பையன் தமிழ்நாடு அணிக்குப் போக வழி ஒன்றுதான்: தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம். அதன் கீழ் மாவட்டச் சங்கம். 14, 16, 19 வயதுக்குட்பட்டோர் மாவட்ட அணி, அங்கிருந்து மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி, அங்கே ரன் அடித்தால் மாநிலத் தேர்வாளர் கண். இன்னொரு வாசல் சென்னை லீக். ஐபிஎல் ஏலப் பட்டியலுக்கே இந்திய வீரரின் பெயர் மாநிலச் சங்கம் வழியாகத்தான் போகிறது. ஒரு தனியார் 'டேலன்ட் ஹன்ட்' இதில் எந்தப் படியையும் தாண்ட வைக்க முடியாது. வழி இவ்வளவு தெளிவாக இருந்தும் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 2021-ல் குருகிராம் போலீஸாரிடம் வந்த புகாரில், மாநில அணியில் இடம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி இளம் கிரிக்கெட் வீரர்களிடம் லட்சக்கணக்கில் கறந்ததாகக் குற்றச்சாட்டு. டெல்லிக்குப் பக்கத்திலேயே, விவரம் தெரிந்த குடும்பங்களிடமே இந்தக் கதை என்றால் கடற்கரைக் கிராமத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

டி. நடராஜன் வந்த பாதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதில் கவனிக்க வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறோம். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்தவர், சென்னை லீக்கின் நான்காம் டிவிஷனில் பிஎஸ்என்எல் அணிக்கு ஆடப் போனார். பிறகு விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ், 2015-ல் ரஞ்சி, 2016-ல் டிஎன்பிஎல், 2017-ல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது, 2020-ல் இந்திய அணி. வருண் சக்கரவர்த்தி கட்டடக் கலைஞர் வேலையை விட்டு வந்து ஏறியதும் அதே நான்காம் டிவிஷனிலிருந்துதான். மதுரை பேந்தர்ஸுக்கு ஆடி, 8.4 கோடிக்கு ஏலம் போனார். நான்காம் டிவிஷனில் ஆட்டம் பார்க்க நாற்பது பேர் வந்தால் அதிகம். கோப்பையோ பேனரோ நேபாளமோ அங்கே கிடையாது. ஆனால் எடுத்த விக்கெட் எல்லாம் சங்கத்தின் ஸ்கோர் புத்தகத்தில் ஏறும்.

நாகைப் பையனுக்கு உண்மையான செலவு இருப்பது இங்கேதான். லீக் சென்னையில் நடக்கிறது. இவன் கம்பன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி எழும்பூரில் இறங்க வேண்டும். ரூம் வாடகை, மெஸ், கிட் பை. அந்தச் 'செலெக்‌ஷன்' காசை இதற்கு வைத்தால் சில மாதமாவது தாக்குப்பிடிக்கலாம். கீழ் டிவிஷன் அணிகளுக்கு நெட்டில் வீச ஆள் எப்போதும் தேவை. போய் நிற்பவனைத் துரத்துவதில்லை.

அடுத்தது சான்றிதழ். பெற்றோர் பலர் காசு கட்டுவது விளையாட்டுக்காக அல்ல, அந்தத் தாளுக்காக. 'நேஷனல் சர்ட்டிஃபிகேட் இருந்தால் போலீஸ் வேலை, இன்ஜினீயரிங் சீட்' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. காவலர் தேர்வில் 10 சதவீதம். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். எல்லாம் நிஜம். ஆனால் எந்தத் தாள் செல்லும், எது செல்லாது என்பதில்தான் பிள்ளையின் பிழைப்பே இருக்கிறது.

மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் முக்கியமானவை நான்கு படிவங்கள். ஃபார்ம் 1: இந்தியாவுக்காக ஆடியவருக்கு, தேசியச் சம்மேளனத்தின் செயலாளர் கையெழுத்திட வேண்டும். ஃபார்ம் 2: தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்கு, மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்து. ஃபார்ம் 3: பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, பல்கலைக்கழக விளையாட்டு அதிகாரி கையெழுத்து. ஃபார்ம் 4: தேசியப் பள்ளி விளையாட்டுகள்; கல்வித் துறையில் விளையாட்டைக் கவனிக்கும் அதிகாரி கையெழுத்து. காவலர் தேர்விலும் இதே மாதிரிப் படிவங்கள்தான் கேட்கிறார்கள். 'சங்கம்' என்றால் பதிவு செய்த ஏதோ ஒரு சங்கம் அல்ல. சொசைட்டி சட்டத்தில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். பெயரில் 'ஆல் இந்தியா', 'ஒலிம்பிக்', 'ஃபெடரேஷன்' என்று இருப்பதாலேயே அது செல்லும் என்று ஆகாது. மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரப் பட்டியலில் அது இருக்கிறதா என்பதே கேள்வி. பட்டியல் அமைச்சகத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. கராத்தே, சிலம்பம் மாதிரி விளையாட்டுகளில் ஒரே மாநிலத்தில் நாலைந்து அமைப்புகள் தங்களைத்தான் 'மாநிலச் சங்கம்' என்று சொல்லிக்கொள்வதால் அங்கே இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

நேபாள விஷயத்துக்கு வருகிறேன். பதக்கம் போட்ட பிள்ளைகள், ரயில் நிலையத்தில் மாலை, பேப்பரில் படம். பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் உழைத்துத்தான் போனார்கள். ஆனால் இந்திய அணியைத் தேர்வு செய்யும் அங்கீகாரம் பெற்ற சம்மேளனம் அனுப்பாதவரை, காத்மாண்டுவில் வாங்கிய தங்கம் ஃபார்ம் 1 ஆகாது. காசு கட்டிய எல்லோருமே 'இந்தியாவுக்காக' ஆடினார்கள் என்றால், அது சுற்றுலா. சுற்றுலா என்று தெரிந்தே போனால் தப்பில்லை. பிள்ளை ஊர் பார்த்துவிட்டு வரட்டும். நாலு வருடம் கழித்து சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் அந்தத் தாளை ஓரமாக நகர்த்தி வைக்கும்போது அழக்கூடாது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்பதற்குப் பெற்றோருக்கு ஒரு தயக்கம் உண்டு. மாஸ்டரிடம் எப்படிக் கேட்பது? காலையில் ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்கிற மனிதர், பிள்ளைக்கு இரண்டாவது அப்பா மாதிரி. உண்மைதான், மரியாதையும் வேண்டும். ஆனால் சில இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று ஆள் சேர்ப்பவருக்கும் பங்கு போகிறது. பல இடங்களில் மாஸ்டரே ஏமாந்திருக்கிறார். ஆகவே பணிவாகவே கேளுங்கள்: "மாஸ்டர், இந்தப் போட்டிக்கு ஃபார்ம் டூ கிடைக்குமா? கையெழுத்துப் போடுவது எந்தச் சங்கம்? போன வருஷம் இதில் ஆடிய பிள்ளை யாராவது இதை வைத்து சீட்டோ வேலையோ வாங்கியிருக்கிறார்களா? அவங்க அப்பா நம்பர் கொடுங்க, பேசிப் பார்க்கிறேன்." கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனியுங்கள். நல்ல மாஸ்டர் கோபப்பட மாட்டார். அவரே விசாரிக்கத் தொடங்குவார்.

ரசீது கேளுங்கள். தனி ஆளின் ஜிபே நம்பருக்குப் பணம் போடச் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடலாம்.

காசு வாங்குவது எல்லாமே மோசடி என்று சொல்லவில்லை. பொங்கலுக்கு நம் ஊர்களில் நடக்கும் கபடிப் போட்டியில் அணிக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அது பரிசுத் தொகைக்கும் மைக் செட்டுக்கும் போகிறது, யாருக்கும் எதிர்காலம் விற்கப்படவில்லை. என் கணக்கில் டெல்டாவின் நல்ல தேர்வு மேடை அதுதான். நாலு ஊர் அணி, விளக்கு வெளிச்சம், எதிரில் உண்மையான பிடியாளர்கள். வயசான ஆட்டக்காரர்கள் ஓரத்தில் உட்கார்ந்து 'இந்தப் பையன் யாரு வீட்டுப் பிள்ளை?' என்று விசாரிப்பார்கள். அந்த விசாரிப்புக்குப் பலம் உண்டு. திருச்சனம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன், 2016-ல் பாட்னா பைரேட்ஸுக்கு ப்ரோ கபடி கோப்பை வென்று கொடுத்த கேப்டன், இதே தஞ்சை மண்ணின் ஆள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்த அபினேஷ், மன்னார்குடி பக்கத்து வடுவூர்ப் பையன். மாநில அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. பணம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள்.

உலகத்தில் வேறு எங்காவது காசு கட்டி ஆடிக் காட்டுவது பலிக்கிறதா? அமெரிக்காவில் பேஸ்பாலுக்கு அது பெரிய தொழில். 'ஷோகேஸ்' என்பார்கள். ஐயோவா மாநிலத்தில் 1990-களில் தொடங்கிய பெர்ஃபெக்ட் கேம் நிறுவனம் அதில் முன்னணி. அங்கே கல்லூரிக் கோச்சுகளும் லீக் அணிகளின் ஆட்களும் நிஜமாகவே வந்து உட்காருகிறார்கள்; பந்தின் வேகம், ஓடும் நேரம் எல்லாம் அளந்து பதிவாகிறது. அதனால் நம் ஊர் மெசேஜோடு அதை ஒன்றாக வைக்க முடியாது. அப்படியிருந்தும் அங்கே அனுபவப்பட்டவர்கள் சொல்லும் யோசனை: முதலில் கோச்சுக்கு எழுது, வீடியோ அனுப்பு, 'நீ எங்கே ஆடுகிறாய், வந்து பார்க்கிறேன்' என்று அவர் சொன்னபின் அங்கே போய் ஆடு. யாருக்கும் தெரியாத பையன் இருநூறு பேரில் ஒருவனாக நின்றால் கட்டணம் போனதுதான் மிச்சம். இடமும் சுருங்கிவிட்டது: மேஜர் லீக்கின் ஆண்டுத் தேர்வு 2019-ல் 40 சுற்றுகள், 2021 முதல் 20.

அதே பேஸ்பால் ஒருமுறை இந்தியாவுக்கும் வந்தது. 2008-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று ஒரு போட்டி. வேகமாகவும் துல்லியமாகவும் பந்தெறியத் தெரிந்தவருக்கு அமெரிக்கர்கள் பரிசுப் பணத்தோடு வந்தார்கள். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் தேறினார்கள். அந்த ஆண்டே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் போட்டது. ரிங்கு சிங் அப்போது லக்னோவில் அரசு விளையாட்டுக் கல்லூரி மாணவர்.

நம் பக்கம் அதற்கு ஈடான கதவு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள். 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கை. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, சீருடை எல்லாம் அரசு செலவு. கோடையில் அறிவிப்பு வரும், ஆன்லைனில் விண்ணப்பித்து மாவட்டத் தேர்வில் ஓடிக் காட்ட வேண்டும். மீன்பிடித் தடைக்காலமும் அந்தச் சமயம்தான் என்பதால் அப்பாவும் கூடப் போகலாம். பள்ளி வழியாகக் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஃபார்ம் 4-க்கு ஏணி அங்கேதான் தொடங்குகிறது. முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் போட்டியில் முதலில் வந்தால் ஒரு லட்சம் ரூபாய். சந்தேகம் எதுவானாலும் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் போய் அந்த மெசேஜைக் காட்டி 'இது செல்லுமா சார்?' என்று கேட்கலாம். பஸ் காசு மட்டும்தான் செலவு.

வயதுச் சான்றில் விளையாடாதீர்கள். 'ஒரு வருஷம் குறைத்துக்கொள்ளலாம், நான் பார்த்துக்கிறேன்' என்று சொல்பவரும் இதே கூட்டம்தான். 16 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட்டில் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்கிறார்கள். மாட்டினால் தடை பிள்ளைக்கு, ஏஜென்டுக்கு அல்ல.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? மெசேஜ், ரசீது, யூபிஐ எண், பேசிய போன் நம்பர் எதையும் அழிக்காதீர்கள். 'இன்னும் ஐயாயிரம் போட்டால் ஃபைனல் லிஸ்ட்' என்ற அடுத்த கோரிக்கை நிச்சயம் வரும், அதற்குக் கட்டாதீர்கள். ஆன்லைனில் போன பணம் என்றால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தக் கணக்கை முடக்கிப் பணத்தை நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. நேரில் கொடுத்த பணம் என்றால் உள்ளூர் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். கூடக் கட்டிய மற்ற பெற்றோரையும் அழைத்துப் போங்கள். வெட்கப்பட்டு ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள்.