பற்றின்மையும் பராமுகமும்

'டிஸ்இன்ரறஸ்ரட்' என்னும் ஆங்கிலச் சொல்லை மாணவர் பலர் 'அக்கறையற்ற' என மொழிபெயர்ப்பர். அவ்வாறாயின், நீதிபதி டிஸ்இன்ரறஸ்ரட்டாக இருத்தல் வேண்டும் என்னும் வாக்கியத்துக்கு, வழக்கைக் கேளாது உறங்குபவரே சிறந்த நீதிபதி என்று பொருள்படும். இப்பிழை சொல்லளவில் நிற்பதன்று. நடுவுநிலைமையை யாம் எவ்வாறு விளங்கிக்கொண்டோம் என்பதையும் அது காட்டிவிடுகின்றது.

'இன்ரறஸ்ற்' என்பதற்கு இரு பொருள் உள. ஒன்று உள்ளத்தின் ஈடுபாடு. மற்றொன்று ஒரு காரியத்தில் ஒருவர்க்குள்ள பங்கு அல்லது ஆதாயம். கடனுக்குரிய வட்டியும் அப்பெயரே பெறும். தமிழிலும் பற்று என்னுஞ் சொல் மனத்தின் விருப்பையும் கணக்கேட்டிற் கடனையும் குறித்தல் காண்க. ஈடுபாடில்லாதவன் 'அன்இன்ரறஸ்ரட்', ஆதாயமில்லாதவன் 'டிஸ்இன்ரறஸ்ரட்'. 17ஆம் நூற்றாண்டில் இவ்விரு சொற்களும் ஒன்றன் பொருளில் மற்றொன்று வழங்கியதும் உண்டு. இன்றைய வேறுபாடு பின்னரே நிலைபெற்றது. இக்காலத்தும் ஆங்கிலேயரே இவற்றை மயங்கி வழங்குவர். எனினும் இவ்வேறுபாடு பேணத்தக்கது. அதன் காரணத்தை ஏட்டிலன்றி வயலிற் காண்போம்.

கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயன்குளத்தை எடுத்துக்கொள்வோம். காலபோகத்துக்கு வடகீழ்ப் பருவமழை துணைசெய்யும். சிறுபோகமோ குளத்திற் சேர்ந்த நீரையே நம்பியது. நீர் குறைந்த ஆண்டில் எத்தனை ஏக்கர் விதைப்பது, எவர்க்கு எவ்வளவு பங்கு என்பன கமக்காரர் கூட்டத்தில் முடிவாகும். இத்தகைய கூட்டங்களுக்கு 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் வழிவகுத்தது.

அங்கே நீர் பங்கிடுபவர் ஒருவரை மனத்திற் கொள்வோம். வாய்க்காலின் தலைப்பில் அவர்க்கு வயல் இருப்பின் ஆதாயம் குறுக்கிடும். வயல் இல்லையாயின் டிஸ்இன்ரறஸ்ரட் ஆவார். ஆயினும் அது மட்டும் போதுமா? எல்லார்க்கும் ஒரே அளவு நேரம் என்று எழுதிவைத்து வீடு செல்வாராயின், தாளிற் பங்கு சமமாகும், வயலிற் சமமாகாது. மண்வாய்க்காலில் ஓடும் நீர் வழியெல்லாம் கசிந்து குறையும். ஆதலாற் கடைசி வயலுக்கு அதே நேரத்தில் அதே நீர் சென்று சேராது. வாய்க்கால் முடிவுவரை நடந்து பார்த்தவரே இதனை அறிவர். ஆதாயம் இருத்தலாகாது, அக்கறை இருந்தே ஆதல் வேண்டும்.

இதனை நம் முன்னோரும் உணர்ந்திருந்தனர். திருக்குறளின் 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. பகைவர், நொதுமலர், நண்பர் ஆகிய முத்திறத்தாரிடத்தும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்றலே அது என்பது பரிமேலழகர் விளக்கத்தின் கருத்து. நொதுமலர் என்போர் பகையும் உறவும் இல்லா அயலார். அயலானாய் விலகி நிற்றல் வேறு, நடுவு நிற்றல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

ஆதலின் மாணவர் இவ்வாறு வழங்குக: கணிதத்தில் மனஞ்செல்லாதவனை அன்இன்ரறஸ்ரட் என்க, அச்சொல்லின்பின் 'இன்' என்னும் முன்னிடைச்சொல் வரும். தன்னலங் கருதாது கூறும் அறிவுரையையும், பக்கஞ்சாரா நடுவரையும் டிஸ்இன்ரறஸ்ரட் என்க. நாளை நியாயம் வழங்கும் பொறுப்பு நம்மவர் எவரிடம் வரினும், தீர்ப்புக் கூறுமுன் வாய்க்காலின் கடைசிவரை ஒருமுறை நடந்து வருவாராக.