இருநடைப் பகைவன்

நான் பயில்வது பயிர்நோயியல். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழுகச் செய்து, ஏறத்தாழ 10 இலட்சம் மக்களை மாய்த்த பஞ்சத்துக்கு வித்திட்டது பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்னும் நுண்ணுயிர். பார்வைக்குப் பூஞ்சை, உறவோ பழுப்புப் பாசியோடு.

2009-இல் அதன் மரபுத்தொகுதி வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 24 கோடி எழுத்துகள். நான்கில் மூன்று பங்கு, திரும்பத் திரும்ப வரும் தொடர்கள். வீண் சுமையென எண்ணிவிடாதீர்கள்! வாழ்வுக்கு இன்றியமையாத மரபணுக்கள் நெருங்கிய பகுதிகளில் அமைந்து மெல்ல மாறுகின்றன. செடியின் காவலை முறிக்கும் மரபணுக்கள் பலவோ, அத்தொடர்கள் மலிந்த பகுதிகளில் அமர்ந்து விரைந்து மாறுகின்றன. ஆகவேதான் நோய் தாங்கும் புதுவகையையும் பகைவன் சில ஆண்டுகளில் வென்றுவிடுகிறான்.

எனவே, அவன் இழக்கவியலாத மரபணுவை அடையாளங்காணும் காவலே நெடிது நிற்கும். அதனைத் தேடுவதே எங்கள் பணி.