கடவுளிடம் சண்டை போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஜெபிக்க முழங்கால் போட்டால் எனக்குத் துதி வருவதில்லை. 'ஏன் இப்படிச் செய்தீர்' என்று கடவுளிடம் சண்டைதான் வருகிறது. ஜெபக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். 'முறுமுறுக்கக் கூடாது, விசுவாசம் குறைந்தால்தான் இப்படி வரும், ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருங்கள்' என்றார்கள். இப்படிச் சண்டை போடுகிற எனக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அன்புள்ள சகோதரி,

நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு முன்பே இதைக் கேட்டவர்களின் வரிசையில் மோசே, யோபு, எரேமியா, ஆபகூக் எல்லாரும் நிற்கிறார்கள். அந்த வரிசையில் உங்களையும் பார்ப்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

முதலில் அந்த 'முறுமுறுப்பு' விஷயத்தை எடுத்துக்கொள்வோம். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்துக் கடவுளின் கோபத்துக்கு ஆளானது உண்மைதான். ஆனால் எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். அந்த ஒரே அதிகாரத்தில் இரண்டு முறையீடுகள் இருக்கின்றன. மன்னா சலித்துவிட்டது, எகிப்தில் தின்ற மீனும் வெள்ளரிக்காயும் வேண்டும் என்று ஜனங்கள் கூடார வாசலில் நின்று அழுகிறார்கள். மோசே நேரே கடவுளிடம் போகிறார். இவர்களையெல்லாம் நானா பெற்றேன், எதற்காக இந்தப் பாரத்தை என் தலையில் வைத்தீர், இதைவிட என்னைக் கொன்றுபோடுவது நல்லது என்று கொட்டித் தீர்க்கிறார். காரத்தை மட்டும் பார்த்தால் மோசேயின் பேச்சுதான் அதிகக் கடுமை. ஆனாலும் வாதை வந்தது ஜனங்களுக்கு. மோசேக்குக் கிடைத்தது, பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்.

ஜனங்கள் கடவுளைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள். மனத்தால் எகிப்துக்குத் திரும்பிவிட்டார்கள். மோசே கடவுளிடமே பேசினார். நீங்கள் முழங்காலில் நின்று சண்டை போடுகிறீர்கள் என்றால், செய்வது மோசே செய்ததைத்தான்.

'நம்பிக்கை உள்ளவர் குறை சொல்லமாட்டார்' என்ற எண்ணம் நம் சபைகளில் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. அதற்குப் பெரிய மறுப்பு சங்கீதப் புத்தகமே. ஹெர்மன் குங்கல் (1862–1932) என்ற ஜெர்மானிய அறிஞர் சங்கீதங்களை அவற்றின் அமைப்பைப் பார்த்து வகை பிரித்தார். அந்த வகைகளில் எண்ணிக்கையில் பெரியது 'புலம்பல் சங்கீதம்', அதாவது துன்பத்தில் இருப்பவர் கடவுளை நோக்கி முறையிடும் பாட்டு. 150-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வகைதான். யாரோ ஒளித்துவைத்த நாட்குறிப்புகள் என்று இவற்றை நினைத்துவிடாதீர்கள். பலவற்றின் தலைப்பிலேயே 'இராகத்தலைவனுக்கு' என்ற குறிப்பு இருக்கிறது. ஆராதனையில் சபையாகக் கூடிப் பாடுவதற்கென்று கொடுத்தவை இவை. நம் மண்ணுக்கும் இது அந்நியமில்லை. கண்பார்வை இழந்த சுந்தரர் திருவாரூர்ச் சிவனிடம் உரிமையோடு சண்டை போட்டுப் பாடிய பதிகத்தைச் சைவர்கள் இன்றும் பக்தியோடு ஓதுகிறார்கள்.

இனி உங்கள் கேள்வியின் முக்கியமான பாதி: நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் 'எதுவரை' என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம்: என்னைப் பாரும், பதில் சொல்லும், இல்லாவிட்டால் செத்துப்போவேன். கடைசி இரண்டில் பாடகர் கடவுளின் கிருபையை நம்பிப் பாட்டுப் பாட ஆரம்பித்துவிடுகிறார். நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? எதிரி ஓடிவிட்டான் என்றோ நோய் தீர்ந்தது என்றோ ஒரு வார்த்தைகூட இல்லை. வெளியே எதுவும் மாறாமல் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது.

இந்தத் திருப்பம் அறிஞர்களை நெடுநாள் யோசிக்க வைத்தது. யோவாகிம் பெக்ரிஷ் என்பவர் 1934-இல் ஒரு விளக்கம் தந்தார். புலம்பல் முடிந்ததும் ஆலயத்தில் இருந்த ஆசாரியர் கடவுளின் பெயரால் ஓர் ஆறுதல் வாக்குச் சொல்லியிருப்பார். அதைக் கேட்டபிறகு பாடியதுதான் மீதிப் பாட்டு என்றார். இதை அவர் 'மீட்பின் வாக்கு' என்று அழைத்தார், கடவுள் உன் குரலைக் கேட்டார் என்று அறிவிக்கும் வாக்கு. ஆனால் 13-ஆம் சங்கீதத்துக்குள் அப்படியொரு வாக்கு எழுதப்படவில்லை. அதனால் இந்த விளக்கத்தை எல்லாரும் ஏற்பதில்லை.

என்னைக் கேட்டால் இந்த உள்மாற்றத்துக்குத் தெளிவான சாட்சி அன்னாள்தான். 1 சாமுவேல் முதல் அதிகாரம். பிள்ளை இல்லாத அன்னாள், ஆண்டுதோறும் சீலோவுக்குப் போகும்போதெல்லாம் சக்களத்தியின் குத்தலைக் கேட்டு, அழுது, சாப்பிடாமல் இருந்தவள். ஆலயத்தில் மனம் கசந்து ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அதைப் பார்த்த ஆசாரியன் ஏலி என்ன நினைத்தார் தெரியுமா? குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டித்தார். துயரத்தில் ஜெபிப்பவரைத் தப்பாகப் புரிந்துகொள்வது உங்கள் ஜெபக் கூட்டத்தில் தொடங்கியதில்லை. அன்னாள் பணிவோடு, ஆனால் அழுத்தமாக மறுத்தாள்: நான் குடிக்கவில்லை, என் மனத்தைத்தான் கர்த்தருக்கு முன்னால் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்றாள். ஏலி தன் தவறை உணர்ந்து ஆசீர்வதித்தார். பிறகு அவள் போய்ச் சாப்பிட்டாள், முகவாட்டம் போயிற்று. சாமுவேல் பிறந்தது அதற்கு எத்தனையோ மாதம் கழித்து. அவள் முகம் தெளிந்த அந்த நாளில் அவளுக்குப் பிள்ளையும் இல்லை, பிறக்கும் என்பதற்கு அடையாளமும் இல்லை.

முறையீடு செய்கிறவர், தான் அறிந்தோ அறியாமலோ, இரண்டு விஷயங்களை ஒப்புக்கொள்கிறார். நடப்பது சரியில்லை என்பது ஒன்று. இதைக் கேட்க ஒருவர் இருக்கிறார், கேட்கக்கூடியவர், மாற்றக்கூடியவர் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது இல்லாவிட்டால் 'ஏன்' என்று யாரைப் பார்த்துக் கேட்பது? கோபித்துக்கொண்டு பேசுகிற உறவு உயிரோடு இருக்கும் உறவு. பேச்சு நின்றுபோன வீட்டைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ஆகவே, சண்டையை முடித்துவிட்டு வேறெங்கோ போய் நம்பிக்கையைத் தேட வேண்டியதில்லை. உங்கள் முறையீட்டுக்குள்ளேயே அது இருக்கிறது. மனத்தில் உள்ளதை ஊற்றி முடித்த பிறகுதான் பலருக்கு அது கண்ணுக்குத் தெரிகிறது.

எல்லாருக்கும் உடனே தெரியும் என்று நான் சொல்லமாட்டேன். எருசலேமை பாபிலோனியர் கி.மு. 586-இல் தரைமட்டமாக்கி ஆலயத்தை எரித்தபின் பிறந்த புலம்பல் நூலைப் பாருங்கள். ஐந்து அதிகாரங்களில் முதல் நான்கு, எபிரெய மொழியின் 22 எழுத்துகளை வரிசையாக வைத்துக் கட்டிய அகரவரிசைப் பாடல்கள். அந்த நூலில் நம்பிக்கை பொங்கும் பகுதி மூன்றாம் அதிகாரத்தின் நடுவில், ஏறக்குறைய நூலின் நடுமையத்தில் வருகிறது. அதன்பின் அழுகை மறுபடி தொடர்கிறது. நூல் முடிவதும் ஆறுதலில் இல்லை. ஒருமுறை நம்பிக்கை வந்தால் அப்புறம் கண்ணீரே வராது என்று யாராவது சொன்னால், இந்த நூலை அவர்கள் கடைசிவரை வாசிக்கவில்லை என்று பொருள். உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை தைரியம் வந்து வியாழக்கிழமை அது காணாமல் போனால் பயப்படாதீர்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கடவுளை நம்புவதும், கணவர் நிச்சயம் குணமாவார் என்று கணிப்பதும் வேறுவேறு. தன் உடலில் இருந்த 'முள்' நீங்க வேண்டும் என்று பவுல் மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கக் கிருபை கிடைத்தது. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று நம்மில் யார் சொல்வோம்? குணத்துக்காகத் தாராளமாக ஜெபியுங்கள். குணமாகாத ஒவ்வொரு நாளையும் உங்கள் விசுவாசத்துக்குப் போட்ட மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். போதும், சாகிறேன் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவுக்கு முதலில் வந்தது பிரசங்கம் இல்லை. தூக்கமும் அடையும் தண்ணீரும், மறுபடி தூக்கம், மறுபடி அடை. பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். டயாலிசிஸ் ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம்போல ஆகும். போக்குவரத்தோடு பாதி நாள் போய்விடும். மூன்றில் ஒரு நாளையாவது உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் தூங்குங்கள். பல வாரமாகத் தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். அதுவும் உதவி கேட்பதுதான்.

கடைசியாக, உங்கள் ஜெபக் கூட்டம். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் பேசுகிறார்கள். யோபுவின் நண்பர்களும் அப்படித்தான். ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்தவரை அவர்கள் செய்தது சரியாக இருந்தது. விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தடம் மாறினார்கள். முடிவில் கடவுள் கோபித்தது புலம்பிய யோபுவை இல்லை, அவருக்குப் பாடம் சொன்ன நண்பர்களை. அதனால் கூட்டத்தில் வாதாட வேண்டாம். அடுத்த முறை வசனம் வாசிக்க உங்களைக் கேட்டால் 88-ஆம் சங்கீதத்தை எடுங்கள். சங்கீதங்களிலேயே மிக இருண்டது அது. கடைசி வரிவரை வெளிச்சம் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. ஆனாலும் பாடகர் கடவுளைப் பெயர் சொல்லி அழைப்பதை நிறுத்தவில்லை. 18 வசனத்தையும் விடாமல் வாசியுங்கள். முடித்ததும் இதை அப்படியே என் கணவருக்காகவும் எனக்காகவும் ஜெபமாக ஏறெடுக்கிறேன் என்று சொல்லுங்கள். அவர்களும் ஆமென் சொல்வார்கள்.