குழு சிகிச்சை வெறும் அரட்டையா?

லோஹேகாவ், புனே

அன்புள்ள தம்பிக்கு,

மனம் நொந்தவர்களை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிட்டால் ஒருவர் துக்கம் மற்றவருக்கும் ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்டிருந்தாய். டாக்டர் போதாத ஊருக்கான மலிவு ஏற்பாடுதான் குழு சிகிச்சை என்று படித்தவர்களே பேசுவது எனக்கு எரிச்சல். உன் கேள்வியிலும் அந்த வாடை கொஞ்சம் அடிக்கிறது. நோயாளி இன்னொருவருக்குப் பயன்படும் நேரத்தில்தான் அவர் தேறத் தொடங்குகிறார், அதற்குக் குழு வேண்டும் என்பது என் கட்சி. மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1970-இல் வெளியிட்ட பாடநூலில், குழு ஏன் பலன் தருகிறது என்பதற்கான காரணங்களில் ஒன்றாகப் பிறருக்கு உதவுவதைச் சேர்த்தார். நானாக இருந்தால் அதைப் பட்டியலின் தலையில் வைத்திருப்பேன்.

இங்கே பக்கத்திலேயே, எரவாடாவில், அனில் அவச்சட், சுனந்தா அவச்சட் தம்பதி 1986-இல் தொடங்கிய முக்தாங்கண் போதை மறுவாழ்வு மையத்தை எடுத்துக்கொள். குடியிலிருந்து மீண்டவர்கள் பலர் அங்கே பணியாளர்கள். புதிதாக வந்தவர், “நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்” என்பார். டாக்டர் அதைக் குறித்துக்கொள்வார். அதே பொய்யைத் தன் வீட்டில் பல வருடம் சொன்னவர் எதிரே இருந்தால் லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அவமதிப்பு இல்லை என்பது புதியவருக்கும் புரியும். சிரித்தவருக்கும் லாபம் உண்டு: தன் பழைய கேடு இன்று ஒருவருக்கு உதவுகிறது. தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் மனச்சோர்வின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. அதை அறிவுரையால் அசைக்க முடியாது.

சான்று கேட்பாய். உகாண்டாவில் 30 கிராமங்களில் நடந்த ஆய்வு 2003-இல் வெளியானது. மனச்சோர்வுள்ளவர்களின் குழுக்களை 16 வாரம் நடத்தியவர்கள் குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். குழுவில் இருந்தோரில் நோயுள்ளவர்களின் பங்கு 86 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக இறங்கியது. குழு இல்லாத கிராமங்களிலும் அது 94-இலிருந்து 55-ஆகக் குறைந்தது உண்மைதான். காலமும் கொஞ்சம் ஆற்றும். ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காலத்தின் கணக்கில் எழுத முடியாது. துக்கம் ஒட்டிக்கொள்ளும் என்றால் எண் ஏறியிருக்க வேண்டுமே!

இதை எல்லாருக்குமான மருந்தென்று நான் சொல்லவில்லை. பித்து உச்சத்தில் இருப்பவருக்கும், குரல்கள் கேட்டு மிரண்டிருப்பவருக்கும் முதலில் டாக்டரும் மாத்திரையும்தான். நடத்துபவருக்குப் பயிற்சி இல்லையென்றால், வாயாடி ஒருவர் நேரம் முழுவதையும் விழுங்கிவிடுவார். பேசத் தயங்குபவர் மறுவாரம் வரமாட்டார். வட்டத்தில் பேசியது வெளியே போகக் கூடாது என்ற விதி தளர்ந்தால் அது நீ பயப்படும் அரட்டையேதான். ஆகவே, யாராவது உன்னிடம் யோசனை கேட்டால் நடத்துபவர் யார், என்ன பயிற்சி பெற்றவர் என்று முதலில் விசாரி. மாத்திரையை நிறுத்தச் சொல்லாதே. ஒரே ஒரு கூட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதவும் விடாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்